இரண்டு முறை தாவிய மணி

கணினித் திரையில் மணி பத்து இருபது. குன்வோர் ஞானஸ்நானத் தொப்பியை அள்ளிக்கொண்டு எழுந்தாள். பத்து மணிப் படகில் போனால்தான் பதினோரு மணிக்கு அக்கரைத் தேவாலயத்தில் உறவுக்காரக் குழந்தைக்கு ஞானத்தாயாக நிற்க முடியும். அவள் இல்லாவிட்டால் நாத்தனார் மாய்லிஸ் நிற்பாள். அந்த இடத்துக்காக அவள் நீட்டிய கழுத்தை பின்லாந்தின் ஆலந்துத் தீவுகளில் எந்தக் கொக்கும் நீட்டியதில்லை.

"ஃபோல்கே! படகு போயிடுச்சு!"

"கோடை நேரம் பிறந்த நாளாச்சே, ஊரே கடிகாரத்தை ஒரு மணி முன்னால தள்ளி வைக்கிற நாள், ஒரு மணி நேரம் பறிபோகத்தான் செய்யும்," என்றார் கணவர். வருடத்துக்கு இருமுறை கணினியைப் பார்த்து வீட்டின் பதினான்கு கடிகாரங்களையும் திருப்பி, அக்கம்பக்கத்தாருக்கும் தொலைபேசியில் மணி சொல்பவர் அவர். சொந்தத் தங்கை மாய்லிஸ் மட்டும் அதைக் கேட்டதே இல்லை.

துறை வெறிச்சோடிக் கிடந்தது. பக்கத்து வீட்டு ஏகிலின் விசைப்படகில் ஏறினார்கள். மார்ச் மாதப் பனிக்கட்டிகள் பாளம் பாளமாக மிதந்தன. குன்வோரின் மடியில் ஞானஸ்நானத் தொப்பி. காலடியில் அரைக் கடல்.

"இன்னும் வேகமா ஓட்டு ஏகில்!"

"ஓட்டலாம் அக்கா, அடியில போயிடுவோம்."

பாதி வழியில் பனி வழிமறித்தது. அப்போது பின்னாலிருந்து ஊதல். பத்து மணிப் படகு! மேல்தளத்தில் மாய்லிஸ், நனையாமல், ரொட்டி கடித்தபடி கையசைத்தாள்.

ஃபோல்கே மனைவி பக்கம் திரும்பினார். "காலையில உன் விண்டோஸைத் திறந்தியா?"

"பாட்டு அச்செடுக்கத் திறந்தேன். அதுக்கென்ன?"

"அப்புறம் நான் என் லினக்ஸைத் திறந்தேன்."

ஒரே கணினிப் பெட்டி, அதில் இரண்டு இயங்குதளங்களின் குடித்தனம், வயிற்றில் ஒரே கடிகாரம். அவளுடையது கோடைக்காக முள்ளை ஒரு மணி தள்ளியது; அது தெரியாமல் அவருடையதும் தள்ளியது. ஒரே மீன் சூப்புக்கு மாமியாரும் மருமகளும் தனித்தனியே உப்புப் போட்ட கதைதான்.

"அப்போ இப்ப மணி என்ன?"

"பத்து இருபது."

"அதைத்தானே வீட்டிலயே பார்த்தேன், பாவி மனுஷா!"

பெரிய படகு பிளந்த பனித்தடத்தில் ஏகில் பின்தொடர்ந்தான். தடம் நிமிடத்துக்கு நிமிடம் ஒடுங்கியது. குன்வோர் துடுப்பால் பனியைத் தள்ளினாள். வேண்டிய வேண்டுதலில் மூன்று தேவாலயம் கட்டலாம்.

அவள் சொட்டச் சொட்டத் தேவாலயத்துக்குள் ஓடியபோது, இன்னும் திருத்தாத அவள் கைக்கடிகாரத்தில் பன்னிரண்டு. கோபுரத்தில் பதினொன்று அடித்தது. குழந்தையை வாங்க மாய்லிஸ் இரு கைகளையும் நீட்டியிருந்தாள். குன்வோர் இடையில் புகுந்து வாங்கிக்கொண்டாள். ஈரக்கை பட்டதும் குழந்தை வீறிட்டது.

"பத்து மணிப் படகுக்கு முன்னாடியே கிளம்பி, எல்லாருக்கும் கடைசியா வந்திருக்கீங்களே அண்ணி!" என்றாள் மாய்லிஸ்.

"உங்க அண்ணனைக் கேளு," என்ற குன்வோர் குழந்தையை விடவில்லை.