பூதராஜாவின் டவுசருக்கு ஒரு சாட்சி

தவக்காலம் முழுக்கக் கறி படாத வாயால் சொல்கிறேன், இதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை.

செல்போனில் ஓர் ஆன்லைன் விளையாட்டு. அதில் நான் வாளெடுத்துப் போகும் வீரன். எங்கள் பங்குக் கோயிலில் கீபோர்டு வாசிக்கும் சேவியர்ராஜ் என் கூட்டாளி. கோட்டையின் கடைசிக் கதவு திறக்க வேண்டுமென்றால், பூதராஜாவின் கிழிந்த பட்டாப்பட்டி டவுசரைத் தேடிப்பிடித்துத் தலையில் கட்டிக்கொள்ள வேண்டும். விளையாட்டைச் செய்தவன் சிரிப்புக்காக வைத்தது. எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. பூதம் பூதமாக வெட்டிப் பார்த்தோம். செருப்பு கிடைத்தது, பல்செட் கிடைத்தது, டவுசர் மட்டும் இல்லை.

தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருபவர் அந்தோணியார். நேர்ந்துகொண்டேன்: "டவுசர் கெடச்சா, செவ்வாக்கெழம நவநாள்ல மைக்குல சாட்சி சொல்றேன் சாமி."

அடுத்த பூதத்தின் இடுப்பிலிருந்து கழன்று விழுந்தது.

இப்போது மாட்டிக்கொண்டேன். சொல்லாவிட்டால் அந்தோணியார் விடமாட்டார். சொன்னாலோ, முன்வரிசையில் என் மனைவி தெரசம்மாள். மாதா சபைத் தலைவி. அவள் முகத்தில் அப்புறம் எப்படி முழிப்பது?

செவ்வாய்க்கிழமை எனக்கு முன்னால் ஒரு பெண், கிட்னியில் கல் கரைந்ததற்கு அழுதுகொண்டே நன்றி சொன்னாள். கூட்டமே கண்ணைத் துடைத்தது. அடுத்து நான்.

"ஒரு பொருள் கெடச்சுதுங்க," என்றேன் மைக்கில்.

"என்ன பொருள்னு வெளங்கச் சொல்லுங்க யாகப்பண்ணே," என்றார் உபதேசியார் பிரான்சிஸ்.

"டவுசருங்க."

"யாருதுங்க?"

"ராஜாவோடதுங்க. கிழிஞ்சது."

"ஆண்டவரே உமக்கு நன்றி" என்று கூட்டம் பழக்கத்தில் சொல்லிவிட்டது. அப்புறம்தான் சிரித்தது. சேவியர்ராஜ் எதையோ தேடுவதுபோல் கீபோர்டுக்கு அடியில் போய்விட்டான். எனக்குக் காது இரண்டும் கொதித்தன. அந்தோணியாரின் பாதத்தைவிட்டு ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

திரும்பும்போது தெரசம்மாள் தள்ளியே நடந்தாள். ஏற்காடு ரோட்டில் ஆள் இல்லாத இடமாகப் பார்த்து நின்றாள்.

"ஏனுங்க, உங்களுக்கு வயசு என்னாச்சு? இனி சபைல நான் எப்புடித் தலையக் காட்டுவேன்?"

"தப்புதான் தெரசு."

"அத்தன பேரு முன்னால சொன்னீங்கல்ல? அந்தச் சனியன எனக்கும் காட்டுங்க, பாப்போம்." கையை நீட்டினாள்.

சட்டைப்பையிலிருந்து, என்னிடம் இருக்கும் ஒரே போனை எடுத்துக் கொடுத்தேன். அது பட்டன் போன்.