சுற்றி வராத பாதை

முட்டம் பஸ் நிறுத்தத்தில் இறங்கியதும் அப்பா முதலில் செருப்பைக் கழற்றினார். டீக்கடை பெஞ்சுக்கு அடியில் அதை ஒழுங்காக வைத்தார்.

"எதுக்குப்பா?"

"நடக்கப் போறோம்ல."

எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலேயே இருக்கிறது. அப்பா பௌர்ணமிதோறும் வெறுங்காலோடு வாசலில் இறங்குவார். மலையை வலது பக்கம் வைத்துப் பதினான்கு கிலோமீட்டர் நடந்து, தெருவின் மறு முனை வழியாக அதே வாசலுக்கு வந்து சேருவார். முப்பது வருடப் பழக்கம். நடை என்றால் அவருக்கு அதுதான்.

டீக்கடை அம்மா சிரித்தார். "செருப்பும் பையும் இங்கயே கெடக்கட்டும். நான் பாத்துக்கிடுதேன்."

பைகள் இரண்டு. அப்பாவுடையது சின்னது. என்னுடையதை விழுப்புரத்தில் ரயில் ஏறும்போதே பார்த்துவிட்டுக் கேட்டிருந்தார்: "ரெண்டு நாளைக்கு இவ்ளோ பெரிய பையா?" நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் இருப்பது எனக்குக் கைவந்த கலை.

இங்கே மீன் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியின் ஆய்வகத்தில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. தங்குவதற்கு ஹாஸ்டலும் உண்டு. நான் படித்தது நுண்ணுயிரியல். ஊரைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று அப்பா கிளம்பி வந்திருக்கிறார். அவருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. வியாழக்கிழமை மதியத்துக்குள் பதில் வேண்டும் என்று கம்பெனியில் கேட்டார்கள். வருகிறேன் என்று மெயில் அனுப்பிவிட்டேன். திங்கட்கிழமை சேர வேண்டும். இன்று சனி.

மணல் ஈரமாகவும் கெட்டியாகவும் இருந்தது. தூரத்தில் இரண்டு பேர் வலையை உதறிக்கொண்டிருந்தார்கள். வேறு யாரும் இல்லை. இடது பக்கம் கடல். வலது பக்கம் செம்மண் மேடு, அதற்கு மேல் பாறை, அதற்கும் மேல் கலங்கரை விளக்கம்.

"அந்தப் பாறைய ஒரு சுத்து சுத்திட்டு டீக்கடைக்கே வந்துடலாம்," என்றார் அப்பா.

பாறை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. முந்தின நாள் வரைபடத்தில் பார்த்திருந்தேன். அதற்கு அந்தப் பக்கம் பாதை கிடையாது. சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். சொன்னால், "நடக்கக்கூட வழியில்லாத ஊரு," என்று முடித்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது. மூடிக்கொண்டேன்.

அப்பா அலையை ஒட்டியே நடந்தார். வேட்டி முட்டிவரை நனைந்துவிட்டது.

"கொஞ்சம் மேல வாங்கப்பா."

"மலைப் பக்கம் சித்தருங்க நடப்பாங்க. நாம இடது பக்கம்தான்."

"இங்கயுமா?"

"இங்க வர மாட்டாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது. நான் மேட்டை ஒட்டி நடந்தேன். காற்று சீராக வீசியது. அப்பா ஒரு சங்கை எடுத்துப் பார்த்தார். உள்ளே நண்டு இருந்தது. பதறிக் கீழே வைத்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பினார். நான் கடலைப் பார்த்தேன்.

"ஐஸ்ல கிருமி இருக்கான்னு பாக்குறதுதான் வேலையா?"

"ஐஸ், தண்ணி, மீன். எல்லாத்துலயும்."

"ஐஸ்ல எப்படி இருக்கும்? வெறச்சு செத்துடாது?"

"பாதி சாகாதுப்பா. தூங்கிட்டு இருக்கும். உருகினா எழுந்துக்கும்."

"உன்ன மாதிரி," என்றார். "ஞாயித்துக்கிழமையானா."

படிகள் வழியாகப் பாறை மேல் ஏறினோம். ஒற்றையடிப் பாதை விளிம்பை ஒட்டிப் போனது. கீழே அலை மோதும் சத்தம் சற்றுத் தாமதமாகக் கேட்டது. அப்பா நின்று நின்று பார்த்தார். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. மேகத்தைப் பார்த்து, ஊர் நிலக்கடலையை நினைத்து, "நம்ம பக்கம் இந்த மேகம் வந்தா மல்லாட்டைக்கு ஆகும்," என்றார். அது நல்ல சகுனமாகப் பட்டது.

பாதை மறுபடி இறங்கி, கரிய பாறைகளில் முடிந்தது. அவற்றின் மேல் பச்சையாகப் பாசி. ஒவ்வொரு அலையும் பாறையை முழுக்க நனைத்துவிட்டுப் போனது.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். "இத தாண்டிட்டா அந்தப் பக்கம்."

"திரும்பிடலாம்ப்பா."

"பாதியில திரும்புறதாவது? நல்லதில்ல." முதல் பாறையில் கால் வைத்தார். இரண்டாவதில் வைத்த கால் வழுக்கியது. கையை ஊன்றிச் சமாளித்தார். அலை ஒன்று எழுந்தது.

"அப்பா! அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்ல! கடல்தான்! இது சுத்தி வராது!"

என் குரல் அவ்வளவு உயரும் என்று எனக்கே தெரியாது. அப்பா அப்படியே நின்றார். அலை அவர் இடுப்புவரை நனைத்துவிட்டு இறங்கியது. மெதுவாகப் பின்வாங்கி என்னிடம் வந்தார்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நேத்தே மேப்ல பாத்தேன்."

"நேத்தேவா? அப்ப எப்ப சொல்லலாம்னு இருந்த? நான் உள்ள விழுந்ததுக்கப்புறமா?"

வாய் திறந்தாகிவிட்டது. இனி மூடினால் மறுபடி திறக்காது என்று தோன்றியது.

"இன்னொண்ணும் சொல்லல. வேலைக்கு வரேன்னு வியாழக்கிழமையே மெயில் போட்டுட்டேன். திங்கக்கிழமை சேரணும். அதான் பெரிய பை."

அப்பா பாறையில் உட்கார்ந்து வேட்டி முனையைப் பிழிந்தார். பிழிய வேண்டியதைவிட அதிக நேரம் பிழிந்தார்.

"நான் வேணாம்னு சொல்லுவேன்னு நெனச்சியா?"

"ஆமா."

"காலைல கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்." உள்ளங்கையில் சிராய்ப்பு இருந்தது. அதை ஊதினார். "மேப்ல பாத்துட்டு இவ்ளோ தூரம் சும்மா வந்திருக்க. ஐஸ்ல கிருமி இருந்தாலும் இப்படித்தான் சும்மா இருப்பியா?"

"அது வாயால சொல்ல வேணாம்ப்பா. எழுதிக் குடுத்தா போதும்."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கியது. நனைந்த வேட்டியோடு பாறையில் உட்கார்ந்து அவர் சிரிப்பதைப் பார்த்ததும் என்னாலும் அடக்க முடியவில்லை. நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. காற்றில் உப்பு அதிகம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

திரும்பி நடந்தோம். பாறை மேல் ஏறி இறங்கி, மணலுக்கு வந்ததும் அப்பா தயங்கினார். இப்போது மேடு இடது பக்கம், கடல் வலது பக்கம்.

"எந்தப் பக்கம் நடக்குறது?"

"எந்தப் பக்கம் வேணா நடக்கலாம்ப்பா."

சற்று யோசித்துவிட்டு என் பக்கமாக வந்தார். எங்கள் காலடித் தடங்கள் எதிரே வந்துகொண்டிருந்தன. அவருடையதில் பாதியை அலை அழித்திருந்தது. என்னுடையது முழுதாக இருந்தது. வலைக்காரர்கள் இன்னும் உதறிக்கொண்டிருந்தார்கள். போகும்போது கண்ணில் படாத ஒரு சின்னக் கிணற்றை அப்பா காட்டினார். எட்டிப் பார்த்து, ஒரு வாளி இறைத்துக் கையைக் கழுவினார். ஒரு வாய் குடித்தார்.

"நல்ல தண்ணி! கடல்கிட்ட எப்படி?"

சொல்ல ஆரம்பித்தேன். டீக்கடை வரும்வரை சொன்னேன். நடுவில் அவர் ஒரு தடவைகூட வேறு பக்கம் பார்க்கவில்லை.

செருப்பு பெஞ்சுக்கு அடியில் அப்படியே இருந்தது. போட்டுக்கொண்டு, நாகர்கோவில் பஸ் எத்தனை மணிக்கு என்று டீக்கடை அம்மாவிடம் கேட்டார்.

"இப்ப வருமே."

"அடுத்தது?"

"ஒரு மணிக்கூறு ஆகும்."

அப்பா என் பெரிய பையைத் தூக்கித் தோளில் மாட்டினார். "அடுத்ததுல போய்க்கிறேன். ஹாஸ்டல் எந்தப் பக்கம்? கதவுல தாப்பா சரியா இருக்கான்னு பாக்கணும்."

நான் கை காட்டுவதற்குள் அவர் முன்னால் நடந்தார்.

"அப்பா."

"என்ன?"

"அந்தப் பக்கம் இல்ல. இந்தப் பக்கம்."