பொன்னுருக்கிய பிறகு

சிவகௌரி காரை மறுபடியும் அந்தத் தெருவுக்குள் விட்டாள். வீட்டு முற்றத்தில் கூடாரம் போட்டிருந்தது தெரிந்தது. உடனே கால் தானாக வேகத்தைக் கூட்ட, வளைவில் திரும்பி, பழையபடி ஸ்பிரிங்வேல் கடைத்தெருவுக்கே வந்துவிட்டாள். சீ, நானும் ஒரு மனுசியா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அந்த வீட்டில் பெட்டிக்குள் கிடப்பவள் புன்தவி. லாவோஸ்காரி. முதியோர் இல்லத்துக் குசினியில் பதினாறு வருசம் கௌரிக்குப் பக்கத்தில் நின்று சமைத்தவள். காலையில் அங்கே வேலை செய்யும் நாகராஜன் ஃபோன் எடுத்து, "அக்கா, புன்தவி போயிட்டாங்க. இன்னிக்கு வீட்ல வச்சிருக்காங்க, நாளைக்குத் தகனம்" என்றான். அவன் சொல்லி முடிக்கும்போது அடுப்பில் அரியதரப் பலகாரம் கருகிப்போயிருந்தது.

அரியதரம் சும்மா சுடவில்லை. மகள் யாமினிக்கு வருகிற ஞாயிறு கல்யாணம். தாலிக்குப் பொன்னுருக்கியாயிற்று, கன்னிக்காலும் நட்டாயிற்று. அதற்குப் பிறகு பெண்ணைப் பெற்றவள் செத்த வீட்டுப் படி மிதிக்கலாமா?

"பிள்ளையின்ர வாழ்க்கை, கௌரி" என்றார் கணவர் தேவராஜா. "கலியாணம் முடியட்டும். பிறகு ரெண்டு பேருமாப் போய்த் துக்கம் விசாரிப்பம்."

"பிறகு போனா அவளின்ர முகம் இருக்குமோ?" என்று கேட்டவள், தேங்காய்ப்பால் வாங்கப்போவதாகப் பொய் சொல்லிவிட்டு வெளிக்கிட்டாள்.

கணவருக்குப் பயந்தவள் இல்லை கௌரி. பயமெல்லாம் அவளுக்குள்ளேதான் இருந்தது. நாளைக்கு யாமினிக்கு ஒரு தலையிடி வந்தாலும் ஊர் வாயைத் திறக்கவே வேண்டாம், அவள் மனசே அவளைப் பிய்த்துத் தின்னும்.

ஆனால் புன்தவியை நினைத்தால் அந்தப் பயத்துக்கே வெட்கமாக இருந்தது. தேவராஜா இருதய ஆபரேசனுக்குப் படுத்தபோது, யாரும் கேட்காமலே யாமினியைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிப்போய், ஒட்டுச்சோறும் பப்பாளிக்காய்ச் சம்பலும் தீத்தி வளர்த்தவள். அந்த ருசியில் யாமினி இன்றைக்கும் தாயின் சம்பலை உறைப்பில்லை என்று தள்ளிவைப்பாள். யார் அழுதாலும் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து கட்டிப்பிடிப்பாள் புன்தவி. மனேஜர் கத்தினால் அவரையும் கட்டிப்பிடிப்பாள். அப்படி ஒரு சென்மம். முதுகு நோவு, கொஞ்ச நாள் லீவு என்றுதானே சொல்லிவிட்டுப் போனாள்?

அடுத்த தடவை அந்த வீட்டு வாசலில் கௌரி காரை நிறுத்தியே விட்டாள்.

முற்றத்தில் சிரிப்பும் கலகலப்புமாக இருந்தது. ஒரு பக்கம் சீட்டாட்டம், ஒரு பக்கம் பெரிய பானையில் சமையல். வீடு மாறி வந்துவிட்டோமோ, இதுவும் ஒரு கல்யாண வீடோ என்று அவள் தடுமாறினாள். அதற்குள் புன்தவியின் மகள் மணிவன் ஓடிவந்து கேற்றிலேயே மறித்தாள்.

"அன்ரி, உங்களுக்கு யார் சொன்னது?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவள் முகம் வெளிறியிருந்தது. "அம்மாவுக்குக் கான்சர். முதுகு நோவு என்றது பொய். யாமினியின் கல்யாணம் முடியும்வரை உங்களுக்குச் சொல்லக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் எங்களிடம் சத்தியம் வாங்கினார். கல்யாண நேரம் நீங்கள் சாவீட்டுக்குப் போகக்கூடாதாமே? உங்கள் சித்தப்பா செத்தபோதும் இப்படி ஒரு கல்யாணத்தால் போகமுடியாமல் குசினியில் நின்று அழுதீர்களாம். கௌரிக்குத் தெரிந்தால் வராமல் இருக்கமாட்டாள், வந்துவிட்டுப் பயந்தே சாவாள் என்றார்."

கௌரி மணிவனின் தோளுக்கு மேலால் வீட்டு வாசலைப் பார்த்தாள்.

"நீங்கள் இன்னும் படி ஏறவில்லை, அன்ரி. ஒன்றும் கெடவில்லை. வீட்டுக்குப் போங்கள். அம்மா கோபிக்கமாட்டார்."

போகலாம். யாரும் குறை சொல்லப்போவதில்லை. செத்தவளே விடை கொடுத்தாயிற்று. கௌரி குனிந்து செருப்பைக் கழற்றினாள்.

"விலத்து, பிள்ளை" என்றாள் தமிழில். மணிவன் விலகினாள்.

உள்ளே ஒரு கிழவர் அவள் கையைப் பிடித்து, அழவேண்டாம், எங்கள் வழக்கத்தில் சிரித்துப் பேசித்தான் வழியனுப்புவோம், அழுதால் புன்தவிக்குப் பயணம் பாரமாகும் என்று மெல்லச் சொன்னார். கௌரி அழவில்லை. அந்த மெலிந்த முகத்தைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம்தான் பொங்கிக்கொண்டு வந்தது. பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முற்றத்துச் சீட்டாட்டக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

"என்னட்டைச் சொல்லாமப் போகப் பாத்தியோடி?"