நாப்பத்தொண்ணாம் நம்பர் உள்ளதான் இருந்தாரு

எனக்கு வாய் நீளம். எங்கம்மா பரிபூரணம்னு பேரு வச்சா, பொறுமையை வைக்க மறந்துட்டா. தொண்ணூத்தேழுல தினம் ஸ்ரீவில்லிபுத்தூர்ல பஸ் ஏறி ராஜபாளையத்துல ஒரு நூல் மில்லுக்கு வேலைக்குப் போனேன். டைம் ஆபீஸ்ல கம்ப்யூட்டர் ஆபரேட்டர். ஏழு மணி ஷிப்டுக்கு வாரவுக ஜன்னல்ல நின்னு நம்பர் சொல்லுவாக, நான் உள்ள உக்காந்து அடிப்பேன். பேப்பர்ல வருகை எழுதுறதை அந்த மாசந்தான் நிறுத்தியிருந்தாக.

அன்னிக்குப் பத்து மணி இருக்கும். ஃபிட்டர் தவசிமுத்து மூச்சு வாங்க ஓடிவந்து என் ரூம் பீரோவுக்குப் பின்னால ஒடுங்கினாரு. பின்னாலயே சுப்புராஜும் நாலு பேரும், ஆளுக்கொரு அருவா. ஒன்பது மணிக்குத் தளவாய்புரம் பஸ் ஸ்டாப்ல சுப்புராஜோட தம்பியை எவனோ வெட்டிச் சாய்ச்சிட்டான். தவசிமுத்துக்கும் அவங்களுக்கும் பழைய வரப்புத் தகராறு. அதனால பழி இவரு மேல.

"ஏலே, இது ஆபீஸுலே, வெளிய போ"ன்னேன். சுப்புராஜ் அருவாளை ஓங்கி மேசையில போட்டான். பலகை பிளந்துருச்சு. என் பெட்டியில இருந்து மாடியில இருக்க பெரிய கம்ப்யூட்டருக்குப் போற ஒயரும் ரெண்டு துண்டு.

"ஏழு மணியில இருந்து உள்ளதாம்ப்பா இருக்கேன்"னாரு தவசிமுத்து. "அந்தக்கா கம்ப்யூட்டர்ல ஏத்தினாவ, கேளு."

ஷிப்டு ஆளுக அம்புட்டுப் பேரும் அவரு தெருக்காரங்க. அவங்க சொன்னா சுப்புராஜ் நம்பவா போறான். "பெட்டி யாருக்கும் சொந்தக்காரன் இல்ல. ஏட்டி, காட்டு. பேரு இருந்தா போயிருதோம். இல்லேன்னா இங்கனயே வெட்டுதேன்"னான் சுப்புராஜ்.

அலமாரியில வேற ஒயரு இருந்துச்சு. எடுத்துச் சொருகினேன். அவசரத்துல பாஸ்வேர்டு தப்பாப் போச்சு. அதுக்குள்ள ஒருத்தன் அருவா முதுகால தவசிமுத்து காதுல போட்டான். ரத்தம் சட்டையில எறங்குச்சு. பாஸ்வேர்டை மறுபடி அடிச்சேன். 'கனெக்டட்'னு வந்துச்சு. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. தவசிமுத்தோட நாப்பத்தொண்ணாம் நம்பர், இன்னிக்குத் தேதின்னு கேட்டு அடிச்சேன். ஒரு வரியும் இல்லைன்னு இங்கிலீஷ்ல பதில் வந்துச்சு.

அடிச்சது நிலைக்கணும்னா 'கமிட்'னு ஒரு உத்தரவு கொடுக்கணும். கொடுக்கிறதுக்கு முன்னால லைன் அறுந்தா அடிச்ச அம்புட்டும் அழிஞ்சிரும். பத்துப் பேருக்கு ஒருக்கா கொடும்மான்னு சொல்லித்தான் கொடுத்தாக. ஒவ்வொரு தடவையும் செத்த நேரம் காத்துக் கெடக்கணுமேன்னு சோம்பேறித்தனப்பட்டு, நான் மத்தியானம் மொத்தமாக் கொடுப்பேன்.

வந்த அஞ்சு பேருக்கும் இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. "இந்தா இருக்கு பாரு"ன்னு எங்கயாவது விரலை வச்சிருந்தா போயிருப்பானுக. என் நாசமாப் போற வாய் "போச்சு"ன்னுருச்சு.

அதுக்குப் பொறவு நான் கத்துனது எவன் காதுலயும் ஏறலை. "யாரு பேருமே இல்லலே, ஒயரை அறுத்தது நீதாம்லே"ன்னு தொண்டை கிழியச் சொன்னேன். தவசிமுத்துவை முடியைப் பிடிச்சு இழுத்தானுக. முதல் வெட்டு தோள்ல விழுந்துச்சு. அடுத்தது கழுத்துல. குறுக்க பாஞ்ச எனக்கு இடது கையில ரெண்டு விரல் போச்சு. அவரு வாசப்படியிலயே முடிஞ்சுட்டாரு.

மூணாம் நாள் ஆஸ்பத்திரிக்கு அவரு பொண்டாட்டி அழகுத்தாய் வந்தா. அழுது ஓஞ்ச மொகம். கட்டில் பக்கத்துல நின்னு மெதுவாக் கேட்டா.

"யக்கா, கம்ப்யூட்டர்ல அவிய பேரு இல்லையாமே. அப்ப அன்னைக்கு அவிய எங்க போயிருந்தாவ?"

பாவி, நான் செத்துருக்கலாம். "உள்ளதான் இருந்தாரு தாயி. ஜன்னல்ல வந்து நம்பர் சொன்னாரு. நான்தான் பதியாம விட்டேன்"னேன்.

விட்டா ஒரு அறை. கட்டுப் போட்ட கையிலயும் அடிச்சா, தையல் பிஞ்சு ரத்தம் வந்துச்சு. நர்ஸு ஓடிவந்து அவளைப் பிடிச்சு இழுத்துச்சு.

"விடும்மா, அவ அடிக்கட்டும்"னேன்.