ஈச்சங்கொம்பையைப் படித்தவர்கள்

விக்கிப்பீடியாவில் ஈச்சங்கொம்பை என்று ஒரு பக்கம் இருக்கிறது. அதை எழுதியது நான்தான். பெருமைப்பட்டுக்கொள்ள அதில் ஒன்றுமில்லை. நாமக்கல்லில் ஆசிரியர் பயிற்சிக்குப் போன இடத்தில், ஆளுக்கொரு கட்டுரை எழுதினால்தான் சாப்பாட்டுக்கு விடுவோம் என்கிற மாதிரி உட்கார வைத்துவிட்டார்கள். பசி வேறு. நான் வேலை பார்க்கும் ஊரையே எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்தேன். கொல்லிமலையில் பைல் நாட்டைச் சேர்ந்த சிற்றூர். மிளகும் காப்பியும் விளையும். ஒரு தொடக்கப்பள்ளி உண்டு. பேருந்து ஊருக்குள் வராது. நான்கு வரி, அவ்வளவுதான்.

பக்கத்தை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று ஒரு கோடு போட்டுக் காட்டுவார்கள். என் பக்கத்தின் கோடு தரையோடு தரையாகக் கிடக்கும். நாளைக்கு இரண்டு பேர், மூன்று பேர். அதில் ஒருத்தி நான். "உம்பட ஊருக்கு இன்னைக்கு எத்தன பேரு வந்தாங்க?" என்று பேளுக்குறிச்சி வீட்டில் என் கணவர் தினமும் கேலி செய்வார்.

போன ஆவணியில் ஒரு நாள் காலை, பஸ்ஸுக்குக் கிளம்பும்போது பார்த்தால் அந்தக் கோடு பாக்கு மரம் மாதிரி நேராக நின்றது. எழுபதாயிரம் பேர். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. நல்ல சேதிக்காக எங்கள் மலையை யார் தேடப் போகிறார்கள்?

பஸ் மலையேறும்போது பின் சீட்டில் ஒருவர் வீடியோ ஒன்றைச் சத்தமாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். குரல் தெரிந்த குரலாக இருந்தது. மாதன். எங்கள் பள்ளியில் சத்துணவு உதவியாளராக இருக்கிற சுமதியின் கணவன். போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலைக்குப் போய், வருஷத்தில் பாதி வடக்கேயே கிடப்பவன். அங்கே இமயமலைப் பக்கம் ஏதோ ஓர் ஆற்றைக் கடக்கும்போது வெள்ளம் வந்து வண்டி நடுவில் மாட்டிக்கொண்டது. ஐந்து பேர் வண்டி மேல் ஏறி நின்றிருந்தார்கள். மாதனைத் தவிர மற்றவர்கள் வேறு ஊர்க்காரர்கள். மாதன் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு கத்தினான். "நானு கொல்லிமலைங்க. ஈச்சங்கொம்பைங்க. ஆராச்சும் வாங்க!" பிறகு தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

அந்த வீடியோவை நாடே பார்த்தது. பார்த்தவர்கள் ஈச்சங்கொம்பை எங்கே இருக்கிறது என்று தேடினார்கள். தேடியவர்களுக்கு என் நான்கு வரிதான் கிடைத்தது. அன்று மத்தியானத்துக்குள் யார் யாரோ வந்து பக்கத்தை நீட்டினார்கள், என் பிழைகளைத் திருத்தினார்கள், "வெள்ள விபத்து" என்று தனித் தலைப்பே போட்டார்கள். நான்கு உடல்கள் கிடைத்த சேதியும் அதில் ஏறியது. கடைசி வரி, "மாதனைத் தேடும் பணி நடந்துவருகிறது."

சுமதியைப் பார்க்கப் போனேன். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. திட்டச் சொன்னால் நன்றாகத் திட்டுவேன். போனை எடுத்து அந்த எண்ணிக்கையைக் காட்டினேன்.

"இத்தன பேருங்களா டீச்சர்?"

"ஆமா கண்ணு. எல்லாரும் உன்ற வீட்டுக்காரரைத்தான் நினைச்சுட்டு இருக்காங்க."

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப உட மாட்டாங்க," என்றாள்.

உண்மையில் விடத்தான் இல்லை. முதல் வாரம் முழுக்க கலெக்டர் ஆபீசிலிருந்து காலையும் மாலையும் மாதனின் அண்ணன் வேல்முருகனுக்குப் போன் வந்தது. தாசில்தார் ஜீப் ஊருக்குள் வர வழியில்லாமல் கீழேயே நின்றது, அவர் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு நடந்து வந்தார். டிவிக்காரர்கள் மிளகுக் கொடியைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அப்புறம் ஒரு நடிகருக்குக் கல்யாணம் வந்தது. அவ்வளவுதான், நாடே அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. என் கோடு மளமளவென்று இறங்கியது. சனங்களுக்கு ஈவு இரக்கமே இல்லையா என்று வீட்டில் கத்தினேன். கத்திவிட்டு நானும் அந்தக் கல்யாணப் பக்கத்தைத் திறந்து, மணப்பெண்ணுக்குச் சொந்த ஊர் எது என்று பார்த்தேன். இதை யாரிடம் போய்ச் சொல்ல?

சுமதி தினமும் என்னிடம் எண்ணிக்கையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நாள் சொன்னாள், "ஆயிரத்துக்குக் கீழ போயிருச்சுன்னு நேத்துச் சொன்னீங்க. இன்னைக்கு ஆபீசுல இருந்து போனே வல்லீங்க டீச்சர்." நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. காலாண்டுப் பரீட்சைக்குக் கேள்வித்தாள் கட்டு வந்திருந்தது.

கோடு இன்னும் இரண்டு நாளில் தரையைத் தொட்டுவிடும் என்று நினைத்தேன். தொடவில்லை. எண்ணூறில் வந்து நின்றது. மறுநாளும் எண்ணூறு, அதற்கு மறுநாளும் எண்ணூறு. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. எங்கேயோ எண்ணூறு பேர் தினமும் மறக்காமல் வந்து ஒரு ரிக் வண்டிக்காரனுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்கிறார்கள். திட்டியதற்கு அவர்களிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன். இதை சுமதியிடம் சொல்ல வேண்டும் என்று பள்ளி விட்டதும் கிளம்பினேன். அவள் வீட்டில் இல்லை. டவர் பாறையில் இருப்பதாகச் சொன்னார்கள்.

ஈச்சங்கொம்பையில் போனுக்கு சிக்னல் எடுக்கும் இடம் அது ஒன்றுதான். மேலே ஏறிப் போனால் பாதி ஊர் அங்கே உட்கார்ந்திருந்தது. காப்பிக்காட்டுக்குப் போகவேண்டிய பெண்கள், ஆண்கள், எல்லார் கையிலும் போன். விரல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன பண்றீங்க எல்லாரும்?"

"படிக்கிறமுங்க டீச்சர்," என்றாள் சுமதி. "கோயில் நோன்பிக்கு வெக்கிற மாதிரி ஊட்டுக்கு ஊடு முறை வெச்சுட்டமுங்க. காத்தால கீழ்த்தெரு. பொழுதெறங்க மேல்த்தெரு. தெறக்கோணும், மூடோணும், மறுக்காத் தெறக்கோணும். பாத்தீங்களா, எண்ணூறுக்குக் கீழ எறங்க உடலீங்க."

வெளியே யாரும் இல்லை. எண்ணூறும் இவர்கள்தான்.

"படிக்கிறவங்க கொறஞ்சா தேடறவங்க நிறுத்திப்போடுவாங்கல்லங்க," என்றாள்.

"சுமதி, அந்தக் கணக்கை எந்த ஆபீசரும்..." என்று ஆரம்பித்தேன். குரல் உயர்ந்துவிட்டது. அதற்குள் வேல்முருகன் எழுந்து வந்தார். "டீச்சர், ஒரு நிமிசம் இப்பிடி வாங்க."

பாறைக்கு அந்தப் பக்கம் கூட்டிப் போய், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "முந்தாநேத்தே போன் வந்துருச்சுங்க. தேடறத நிறுத்திட்டாங்களாம். செத்ததா எழுதிட்டோம், வந்து பேப்பர வாங்கிக்குங்கன்னாங்க."

"ஊருக்குத் தெரியுமா?"

"எல்லாத்துக்கும் தெரியுமுங்க. சுமதிக்கு மட்டுந்தான் தெரியாது."

"பின்ன எதுக்குங்க இந்தக் கூத்து?"

"ஒக்கார வெச்சு நாந்தான் சொல்லோணும். சொல்லலாம்னுதான் வந்தனுங்க. அது போனைக் கையில குடுத்து, உங்க முறை மாமான்னுது. வாங்கிட்டனுங்க." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்குச் சொல்லிப்போடறேன். நீங்க எதுவும் சொல்லிப்போடாதீங்க."

நாளைக்குத்தானே என்று எனக்கும் தோன்றியது. இன்னும் ஒரு ராத்திரி அவள் கணவனோடு இருந்துவிட்டுப் போகட்டும். திரும்பி வந்து சுமதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் போனை எடுத்தேன். "எனக்கும் ஒரு முறை குடு," என்றேன்.

"டீச்சருக்கு இல்லாததுங்களா?" என்று சிரித்தாள். வெள்ளம் வந்ததிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. நானும் சிரித்தேன். சத்துணவுக் கூடத்தில் புளி தீர்ந்துவிட்டது என்றெல்லாம் பேசினேன். நேரம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"டீச்சர், புதுசா ஒரு வரி இருக்குதுங்க."

கொடு பார்க்கலாம் என்று கையை நீட்டினேன். சுமதி எட்டாவது படித்தவள். ஒவ்வொரு சொல்லாகக் கூட்டி, வகுப்பில் வாசிப்பது போல் எல்லாருக்கும் கேட்கும்படி படிக்க ஆரம்பித்துவிட்டாள். "'தேடும் பணி... கைவிடப்பட்டதை அடுத்து... மாதன்... இறந்துவிட்டதாக... அறிவிக்கப்பட்டது.'"

எழுதியவர் மேல் தப்புச் சொல்ல முடியாது. செய்தித்தாளைச் சான்றாகக் காட்டி ஒழுங்காகத்தான் எழுதியிருந்தார்.

சுமதி நிமிர்ந்தாள். பாறையில் ஒருவரும் பதறவில்லை. என்ன, ஏது என்று யாரும் கேட்கவில்லை. எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்த வரியை விட, குனிந்த தலைகளைப் பார்த்துத்தான் அவளுக்குப் புரிந்தது.

"இது நீங்க எழுதுனதுங்களா டீச்சர்?"

"இல்ல கண்ணு."

"ஆருங்க எழுதுனது?"

"தெரியல. யாரோ."

வேல்முருகன் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு எப்பத் தெரியுமுங்க மாமா?"

"முந்தாநேத்து, சாமி."

"முந்தாநேத்துல இருந்து எங்கூட ஒக்காந்து படிச்சீங்களா?" அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நாங்கள் தாங்கியிருப்போம். "இத்தன பேரு சுத்தி ஒக்காந்திருக்கறீங்க. எங்கூட்டுக்காரரு செத்துட்டாருன்னு, மொகம் தெரியாத ஒருத்தருதானுங்களா எனக்குச் சொல்லோணும்?"

கீழ்த்தெருப் பெண் ஒருத்தி எழுந்து அவளைக் கட்டிக்கொள்ளப் போனாள். சுமதி அவள் கையை மெதுவாக விலக்கிவிட்டாள்.

எனக்கு அது தெரிந்து கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது. அந்தக் கால் மணி நேரம் முழுவதும் அவளோடு சிரித்துப் பேசியிருக்கிறேன். அவள் போனைப் பாறை மேல் வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தனியாக இறங்கிப் போனாள். கூட ஓடவேண்டும் என்று எழுந்தேன். கூப்பிட வாயெடுத்தேன். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் அப்படியே நின்றேன்.