நின்றுபோன படத்திடம் கேட்டது

1

என் போன் ஒழுங்காக ஓடியிருந்தால் இந்தக் கதை பிறந்திருக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் குழாய் வேலை பார்த்தவன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து மருந்துச்சீட்டின் பின்பக்கம் எழுதுகிறேன். பிழை இருந்தால் நீயே திருத்திக்கொள்.

2

தொடக்கம் இப்படி வைத்தேன்: 'மழை பெய்துகொண்டிருந்தது, அவள் ஜன்னல் வழியாக'

பொய். மழையும் இல்லை, அவள் கட்டிலுக்கு ஜன்னலும் இல்லை. அடித்துவிட்டேன்.

'அறிவியல் வளர்ச்சியால் இன்று உலகமே'

விளம்பரக்காரன் பேச்சு. வேண்டாம்.

உள்ளதைச் சொல்கிறேன். என் வீட்டுக்காரிக்கு வயிற்றில் கட்டி. அறுத்தாலும் பிழைப்பது சந்தேகம். அறுக்காவிட்டால் கொஞ்ச நாள்தான். "இன்னிக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க" என்று டாக்டர் போய்விட்டார்.

"மகளைக் கேட்டுச் சொல்றேன்" என்றாள் இவள்.

"என்னைக் கேக்க மாட்டியா?"

"உங்களைக் கேட்டா டாக்டரும் திருடன், மாத்திரையும் போலின்னு ஆரம்பிப்பீங்க. சும்மா இருங்க."

மகள் கடல் தாண்டி வேலையில் இருக்கிறாள்.

3

பக்கத்துக் கட்டில்காரரைக் கதையில் வைக்கலாமா என்று யோசித்தேன். சிரிப்புக்காரர், இந்தக் கதைக்கு ஒத்துவரமாட்டார். ஆனால் அவரை விட்டால் உனக்குப் புரியாது. அவர் போன் வேறு கம்பெனி. அதே சுவர், அதே மூலை. அவருக்குப் படம் தண்ணீராக ஓடுகிறது. எனக்குச் சொட்டுகிறது.

"என்ன பெருசு, உங்க நெட்டும் என் மலச்சிக்கலும் கூடப் பொறந்ததா? முக்குது, வரமாட்டேங்குது."

"ஊர் பூரா எடுக்கும்னுதான் சொல்லி வித்தான்."

"ஊர்ல எடுக்கும். நாம இருக்கறது பாதி ஊரு, பாதி மேலோகம்."

(ஒவ்வொரு கம்பெனிக்கும் டவர் வேறு, கூட்டம் வேறு, அதனால் வேகமும் வேறு என்று விளக்கினார். நான் நம்பவில்லை. குழாயில் அடைப்பென்றால் கையை விட்டு எடுத்துவிடுவேன். இதில் கையை எங்கே விடுவது?)

4

மகள் வீடியோவில் வந்த நேரம் பக்கத்துக் கட்டில்காரரை ஸ்கேனுக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

"அம்மா, எப்படி இரு"

அவ்வளவுதான். பேச்சு நின்றது, படமும் நின்றது. மகள் முகம் லேசாகச் சாய்ந்து, சிரிக்கிற மாதிரி வாய் திறந்தபடி.

இவளுக்குக் காது மந்தம், கண்ணும் மங்கல். மகள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துக் கொட்டினாள்.

"வலி தாங்கலடி. கத்தி கித்தி வேண்டாம், வீட்டுக்குப் போயிடட்டுமா? நீ சரின்னா எனக்குப் போதும்."

நான் வாயெடுத்தேன். கையமர்த்திவிட்டு அந்த முகத்தையே பார்த்திருந்தாள்.

"பாருங்க, சரிங்கறா. எம் பொண்ணு தங்கம். மறுபேச்சு பேசல."

டாக்டரிடம் சொல்லச் சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள். படுக்கையில் விழுந்த பிறகு அவள் முகம் சுளிக்காமல் தூங்கி இன்றுதான் பார்க்கிறேன்.

5

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

'அறுத்தார்கள், பிழைத்துக்கொண்டாள், எல்லோரும்'

டாக்டரே சொல்லாததை நான் எப்படிச் சொல்வேன்?

'வீட்டுக்குக் கூட்டிப்போனேன். வலி'

இதையும் முடிக்க முடியவில்லை.

இப்போது மகளிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்து நிற்கிறது. நீளமானது. இறங்கவில்லை, வட்டம் சுற்றுகிறது. இவள் கேட்டது அங்கே போய்ச் சேர்ந்ததோ என்னவோ. 'சரிம்மா' என்று இருக்கலாம். 'ஆபரேஷன் பண்ணிக்கோம்மா, நான் வந்துடறேன்' என்றும் இருக்கலாம்.

சக்கர நாற்காலியில் பக்கத்துக் கட்டில்காரர் திரும்பி வருகிறார். என் முகத்தைப் பார்க்கிறார். இந்தத் தடவை சிரிப்பில்லை.

"குடுங்க பெருசு, என் நெட்டைப் போட்டுவிடறேன். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வந்துடும்."

வராந்தாக் கோடியில் டாக்டர் வந்துகொண்டிருக்கிறார். உள்ளே இவள் தூங்குகிறாள். நான் போனைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறேன். அவர் நீட்டிய கை நீட்டினபடி இருக்கிறது.

படித்தவன் நீ. கொடுக்கட்டுமா?

சொல். ஆனால் நீ சொல்வதும் எனக்கு வந்து சேரப்போவதில்லை.