வரிசையில் இல்லாதவள்

குண்டு விழும்போதெல்லாம் நிலவறைச் சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. தூதர் பெர்த்ரான், வர்த்தகம் பார்க்கும் ஓர்நெல்லா, உள்ளூர்க்காரியான செயலாளர் இஹ்ஸான், நான் என்று நாலு பேர்தான் மிச்சம்.

பல நாடுகள் சேர்ந்து நடத்தும் தூதரகம் எங்களுடையது. என் நாடான எஸ்தோனியாவுக்கு அதில் இடமே தரவில்லையென்று எங்கள் அரசு வருடக்கணக்கில் மல்லுக்கட்டிய பிறகுதான் என்னை எடுத்தார்கள். விருந்தாளி வந்தால் பெர்த்ரான் எங்களை வரிசையாக நிறுத்தி, நாடு நாடாகச் சொல்லிப் பெருமையடிப்பார். நாங்களும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்போம். படம் எடுப்பது இஹ்ஸான்.

சண்டை வந்ததும் வரிசை கலைந்துவிட்டது. அவரவர் சொந்த நாட்டுத் தூதரகம் போன் போட்டு அவரவரை அள்ளிக்கொண்டு போனது. எங்கள் நாட்டுக்கு இந்த ஊரில் தூதரகமே கிடையாது. என் போன் மட்டும் அடிக்கவில்லை.

ஓர்நெல்லாவுக்கும் அழைப்பு வந்தது.

"உங்க ஊர் ஆளே இல்லன்னு சண்ட போட்டுத்தானடி ட்ரீனு உள்ள வந்த. இப்ப கூட்டிட்டுப் போகவும் உங்க ஊர் ஆளில்ல பாரு" என்றாள். வழக்கமான கேலிதான். என்னைக் கட்டிப்பிடித்துவிட்டுப் படியேறிப் போனாள்.

அடுத்த போன் பெர்த்ரானுக்கு.

"ட்ரீனுவ விட்டுட்டு நான் வரமாட்டேன். எஸ்தோனியா. ஆமா, நம்ம கூட்டத்து நாடுதான்." கேட்டுவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பிழைத்தேன் என்பதைத் தவிர வேறு எதுவும் மனதில் இல்லை.

"இன்னும் ஒருத்தங்க இருக்காங்க" என்றார் பெர்த்ரான். "பாஸ்போர்ட்டா? இந்த ஊருதான். பத்து வருஷமா எங்ககூட வேல பாக்கறாங்க. ஹலோ?"

போனைக் காதிலிருந்து எடுத்தார். சட்டையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டினார். மடியில் பையோடு உட்கார்ந்திருந்த இஹ்ஸான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பையைக் கீழே வைத்தாள்.

மேலே வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. அடுத்த தெருவில் துப்பாக்கிகள் வெடித்தன.

"கெளம்புங்க சார், வண்டி நிக்காது" என்றாள் இஹ்ஸான். அவள் உதடு வெளுத்திருந்தது. "ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போங்க. அவனுங்க உள்ள வந்து நீ யாருன்னு கேட்டா, இங்க வேல பாக்கறேன்னு சொல்லட்டுமா, வேண்டாமா?"

பெர்த்ரான் என்னைப் பார்த்தார். நான் படியைப் பார்த்தேன்.